அண்ணியின் பொட்டாசியம்

அண்ணி இந்த மாதம் ஓய்வு பெறுகிறாள். துறையில் சிறப்பு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். கூடவே இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர் நீங்கள், வீட்டிலும் சொந்தம், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் திட்டி முடிக்க முடியாதே என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். அவள் என் அண்ணன் மனைவி. நான் அவளுடைய ஆய்வகத்தில் டெக்னீஷியன். வீட்டில் நான் நாத்தனார், என் கை ஓங்கியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் அவள் மேடம், நான் பாட்டில் கழுவுகிறவள். காலையில் பணிந்து போய்விட்டு மாலையில் அதிகாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த வினையை இழுத்து விட்டதும் நானேதான். ஒருநாள் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அண்ணன் வந்தான். கொடுத்தோமா போனோமா என்று இருந்திருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவளைக் காட்டி யார் என்று கேட்டான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், புதிதாக வந்திருக்கும் விஞ்ஞானி, மனிதர்களோடு பேச மாட்டாள், முயல்களோடு மட்டும் பேசுவாள் என்றேன். அவனுக்கு அது பிடித்துப்போனது. எட்டாவது மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் புது முயல்கள் வருகின்றன என்று ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள். வந்த உறவுக்காரர்களுக்கு நான்தான் காப்பி கொடுத்துச் சமாளித்தேன்.

துறையில் அவளுக்கு உப்பு மேடம் என்று பெயர். வைத்தது நான் இல்லை, பரப்பியது நான்தான். பெயர் பொருத்தமானது. நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ரத்தத்திலிருந்து வடிந்த நீர் அவற்றின் வழியாகப் போகும்போது, எந்த உப்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், எதை வெளியே தள்ள வேண்டும் என்பது அந்தக் குழல்களின் சுவரில் முடிவாகிறது. உப்பு என்றால் சமையலறை உப்பு மட்டும் அல்ல. சோடியம், பொட்டாசியம், குளோரைடு என்று மின்னேற்றம் கொண்ட துகள்கள், அயனிகள். அவை சுவரை எப்படிக் கடக்கின்றன என்பதுதான் அண்ணியின் படிப்பு, வேலை, பேச்சு, பொழுதுபோக்கு எல்லாம். அண்ணனோடு சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளையில் இதைத்தான் பேசுவாளாம். அவன் கேட்டுக்கொண்டிருப்பானாம். இரண்டு பேரும் சரியான ஜோடி.

பிடிக்காதவளானாலும் அவள் கைத்திறமை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். முயலின் சிறுநீரகத்தை வெட்டிக் குளிர்ந்த கரைசலில் போட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் இரண்டு இடுக்கிகளால் ஒரே ஒரு குழலைப் பிரித்து எடுப்பாள். தலைமுடியைவிட மெல்லியது, நீளம் ஒரு மில்லிமீட்டர். அதன் இரு முனையையும் இரண்டு கண்ணாடி ஊசிகளுக்குள் கவ்வ வைத்து, உள்ளே ஒரு கரைசலை ஓடவிட்டு, வெளியே இன்னொரு கரைசலில் குளிப்பாட்டி, சுவரின் இரண்டு பக்கமும் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்று அளப்பாள். ஒரு தும்மல் போதும், நாலு மணி நேர வேலை பாழ். அவள் தும்மி நான் பார்த்ததே இல்லை. சளி பிடித்தால்கூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரும் போல.

அந்தக் குழல் கிடக்கும் தொட்டி சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அளக்கிற கம்பியை அதில் நேரடியாக வைக்க முடியாது. இடையில் ஒரு உப்புப் பாலம் வேண்டும். வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் என்ற பாசிக்கூழைச் சூடாக ஊற்றி உறைய வைத்தால் அதுதான் பாலம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படம் வரைந்திருப்பார்கள். அதைச் செய்வது என் வேலை. குமிழி இல்லாமல், விரிசல் இல்லாமல், வாரம் இருபது செய்வேன். ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதில்லை. அவள் எழுதிய கட்டுரைகளில் நன்றி சொல்லும் இடத்தில் முயல் வளர்த்தவர் பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது. சொந்தக்காரியைப் பாராட்டினால் ஊர் பேசும் என்று அண்ணனிடம் காரணம் சொன்னாளாம்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபம் பிறகு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருஷம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்கம்பக்கத்தில் எல்லோரும், உங்கள் வீட்டிலேயே கிட்னி விஞ்ஞானி இருக்கிறாளே, என்ன கவலை என்றார்கள். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். ஒருநாள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டார்.

"எனக்கு எப்பம்மா சரியாகும்?"

"சரியாகாது மாமா. இதோட இருக்கப் பழகிக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி. அப்பா முகம் அப்படியே சுருங்கிப் போனது. நான் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், இதுதானே உங்க வேலை, ஏதாவது செய்யுங்க அண்ணி என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நான் முயலோட குழல்ல வேலை பாக்கறவ. மனுஷங்களுக்கு நான் டாக்டர் இல்ல" என்று கையை விடுவித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. நாலாவது மாதம், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஒரு பகல் நேரத்தில், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோனது. உடம்பு பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாமல் போனால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாவைக் கொன்றது அந்த இரண்டு வாக்கியம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து ஆய்வகத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினேன். என்ன வேண்டும் என்று சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். செய்து வைத்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போடுவேன். ஒரே அறை, நாலு அடி தூரம், ஒரு வார்த்தை கிடையாது. வேறு வேலை தேடிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் போகட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அவளும் அதே பிடிவாதத்தில் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

அதே வருஷம் இன்னும் இரண்டு விஷயம் நடந்தது. அண்ணி அதுவரை ஆராய்ந்த குழல் பகுதியை விட்டுவிட்டு வேறு ஒரு வளைவுக்கு மாறினாள். பொட்டாசியம் எங்கே வெளியேறுகிறது என்று தேட ஆரம்பித்தாள். அப்பாவுக்காகத்தான் பண்றா என்று அண்ணன் சொன்னான். செத்த பிறகு என்ன அக்கறை என்று அவன் வாயை அடைத்தேன். இரண்டாவது விஷயம், பாலம் செய்யும் மெல்லிய கண்ணாடிக் குழாய் தீர்ந்துவிட்டது. அலமாரியில் வாய் அகன்ற குழாய்தான் இருந்தது. சாதாரணமாக இருந்தால் அவளிடம் போய்க் கேட்டிருப்பேன். கேட்டால் பேச வேண்டும். பேசாமல் அகன்ற குழாயிலேயே செய்து வைத்தேன். சீட்டில் பாலம் என்றுதான் எழுதியிருந்தாள், எந்தக் குழாய் என்று எழுதவில்லை. கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் அவள் பாடு என்று விட்டுவிட்டேன். கறுப்பு உறையில் பொதிந்த பாலத்தின் முனை மட்டும்தான் தொட்டியில் தெரியும். அவள் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாப் பாலமும் அகன்ற குழாயில்தான்.

மூன்றாம் மாதம் அண்ணிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. குளிப்பாட்டும் கரைசலின் ஓட்டத்தை இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தால் தொட்டியில் பொட்டாசியம் கூடியது. ஒரு முறை இல்லை, நாற்பது முறை. அந்த வளைவின் சுவரில் பொட்டாசியத்தைத் தள்ளும் ஒரு புது வழி இருக்கிறது, யாரும் இதுவரை பார்க்கவில்லை என்று எழுதினாள். குழலே இல்லாத வெறும் தொட்டியிலும் அளந்து, அங்கே கூடவில்லை என்று காட்டியிருந்தாள். அந்தக் கட்டுரையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அடுத்தடுத்து இன்னும் இரண்டு. அடுத்த துறைத்தலைவர் அவள்தான் என்று பேச்சு அடிபட்டது. அப்போதிருந்த தலைவருக்கு அது பொறுக்கவில்லை. வாயைத் திறக்கும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வார், அதனால் அவருக்குச் செருமல் என்று பெயர். இந்தக் காலத்தில் யார் குழாய் ஊதிக்கொண்டிருக்கிறார்கள், அந்த அறையைக் காலி செய்தால் மரபணு இயந்திரம் வைக்கலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். அவரும் எனக்குப் பிடித்தவர் இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் ஜெயிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து வேறொரு நாட்டு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தோம், பொட்டாசியம் கூடவில்லை, உங்களுடையதிலும் எங்களுடையதிலும் என்ன வித்தியாசம் என்று சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அண்ணி அந்தக் கடிதத்தைப் பலகையில் ஒட்டிவிட்டு, முயலின் வயது, தண்ணீர், வெப்பம், ஊசியின் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். நாலு நாள் ஆகியும் அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிதத்தில் அவர்கள் பாலத்தின் அளவைக் குறிப்பிட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பாலத்துக்குள் இருப்பதே பொட்டாசியம். அகன்ற வாய் வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கரைசல் ஓடிக்கொண்டிருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டத்தை நிறுத்தினால் நகம் அளவுத் தொட்டியில் சேர்ந்துவிடும். வெறும் தொட்டியை அவள் அளந்தது மெல்லிய குழாய் இருந்த மாதத்தில். அதற்கப்புறம் அளக்கவே இல்லை. சிறுநீரகத்திலிருந்து வந்ததாக உலகத்துக்கே சொன்ன பொட்டாசியம், நான் செய்து கொடுத்த குழாயிலிருந்து வந்திருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆறு வருஷமாகக் காத்திருந்த மூக்குடைப்பு. எனக்குப் பயம்தான் வந்தது. கரைசலோ பாலமோ, எதில் எதை மாற்றினாலும் நான் எழுதும் தயாரிப்புப் புத்தகத்தில் தேதியோடு குறிக்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் விதி. எழுதாதது தெரிந்தால் வேலை போகும். அண்ணி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பொருள் அறைக்குப் போய் அந்த வருஷத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதிக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்தது. "பாலம்: மெல்லிய குழாய் இல்லை. அகன்ற குழாயில் செய்தது" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகி வைத்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணி பழைய தயாரிப்புப் புத்தகங்களை எல்லாம் தன் மேஜைக்குக் கொண்டு போனாள். ஆறாம் நாள் என் மேஜையில் புதிதாக வாங்கிய மெல்லிய குழாய் ஒரு கட்டு, ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு: மெல்லிய குழாயில் பாலம் ஆறு, அகன்ற குழாயில் ஆறு. குழாயின் அளவைக் குறித்து அவள் சீட்டு எழுதியது அதுதான் முதல் முறை. பதினோரு நாள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். மெல்லிய குழாய் என்றால் ஒன்றுமில்லை. அகன்ற குழாய் என்றால், குழல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொட்டாசியம். பன்னிரண்டாம் நாள் மூன்று கட்டுரைகளையும் திரும்பப் பெறுவதாகத் தானே எழுதி அனுப்பினாள். யாரும் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. அழுதாளா, தூங்கினாளா என்று அண்ணனிடம் விசாரித்தேன். சாப்பிட்டாள், சினிமாப் பார்த்தாள் என்றான். எரிச்சலாக இருந்தது.

செருமலுக்குக் கொண்டாட்டம். தன்னோடு இன்னும் இரண்டு பேராசிரியர்களைச் சேர்த்து விசாரணைக் குழு போட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை, நாலு தண்ணீர் பாட்டில், நடுவில் அந்தப் புத்தகம். அண்ணி அதைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, உள்ளங்கையை அகல விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். செருமல் புத்தகத்தை வாங்கிப் புரட்டக் கையை நீட்டினார். தேவையானது இந்தப் பக்கம் மட்டும்தான் என்று அவள் விடவில்லை. திமிரைப் பார், மாட்டிக்கொண்ட பிறகும் அடங்கவில்லை என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இந்த ஒரு வரி மட்டும் மை புதுசா இருக்கே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி பார்க்கவில்லை.

"பேனா மாத்தியிருப்பாங்க. அந்த வரி அன்னிக்கே இருந்துச்சு. அவங்க சரியா எழுதி வச்சிருக்காங்க. நான்தான் படிக்கல" என்றாள்.

ஆறு வருஷமாக உங்கள் தயாரிப்புப் புத்தகத்தை நீங்களே படிக்கவில்லையா என்று செருமல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். ஆமாம், கவனக்குறைவு என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. மாணவர்களை அவளிடம் அனுப்புவதை நிறுத்தினார்கள். பெரிய அறையைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். நான் தப்பித்தேன். என்னைப் பாராட்டி அந்த அறிக்கையில் ஒரு வாக்கியம்கூட இருக்கிறது.

விசாரணை முடிந்ததும் நேராகப் பாட்டில் கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். படிக்காமல் விட்டவள் அவள்தானே, அவளே ஒத்துக்கொண்டாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னாலேயே அண்ணி வந்தாள். குழாயை மூடினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"தினம் காலைல நீ வர்றதுக்கு முன்னாடி அந்தப் புத்தகத்தப் படிப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து, ஒருநாள் விடாம. அந்த வரி அங்க இல்ல."

அப்ப அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னா உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த மாதிரி பாலம் செய்ய எனக்கு வேற ஆள் கிடையாது. வெறும் தொட்டிய மறுபடி அளக்காம விட்டது நான். அது உன் வேலை இல்ல."

சொல்லிவிட்டு, நாளைக்கு மெல்லிய குழாயில் ஆறு வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள். பின்னால் போய் அவள் முதுகில் ஒரு அடி வைக்கலாமா என்றிருந்தது. எனக்குக் கோபம் குறையவில்லை. காப்பாற்றுகிறவள் ஒரு தடவை திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

அவள் போன பிறகுதான் அவள் சொன்னது முழுதாக உறைத்தது. ஒருநாள் விடாமல் என்றாளே. உங்களிடம் இதுவரை நான் சொல்லாத ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கரைசலுக்கும் எதிரே அது யாருக்கு என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அப்பா போன பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் முழுவதும், அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில், அந்தக் கட்டத்தில் அவள் பெயரை நான் எழுதவில்லை. இரண்டு லிட்டர், கொலைகாரிக்கு. அரை லிட்டர், கொலைகாரிக்கு. ஐம்பத்தெட்டு இடத்தில் அப்படி இருக்கிறது. அன்று அவள் உள்ளங்கையை எடுத்து, செருமல் நாலு தாள் பின்னால் புரட்டியிருந்தால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த மாதம் தினமும் காலையில் அவள் அதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, அந்தப் பாட்டில்களையே எடுத்துக்கொண்டு போய், பொட்டாசியம் வெளியேறும் வழியைத் தேடி உட்கார்ந்திருக்கிறாள்.